உலர்ந்துபோன கற்கள்

சிசிலித் தீவின் தலைநகரமாகிய பலெர்மோவில், கொடுத்த கடன் என்றைக்குத் திரும்பி வரும் என்று ஒருவன் ஏக்கத்தோடு விசாரிக்க, கடன்பட்டவன் சிரித்துக்கொண்டே, ‘வுச்சீரியாவின் கற்கள் உலரட்டும், தருகிறேன்’ என்று பதில் சொன்னால், விசாரித்தவன் அந்தப் பணத்தைத் தலைமுழுகிவிட்டு வீடு போய்ச் சேரவேண்டியதுதான். குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்று நாம் சொல்வதற்கும் அவர்கள் இப்படிச் சொல்வதற்கும் பொருளில் பேதமில்லை. மீனும் இறைச்சியும் காய்கனிகளும் மலைபோலக் குவிந்து கிடந்த அந்தக் கடைத்தெருவிலே, வியாபாரிகள் விடியற்காலை முதல் வாளி வாளியாகத் தண்ணீரை வாரி இறைத்துச் சரக்கையும் தரையையும் கழுவிக்கொண்டே இருந்தமையால், தெருவில் பாவியிருந்த பெரிய கற்பலகைகள் ஆடி மாதத்து வெயிலிலும் ஈரம் காயாமல் மினுமினுத்துக்கொண்டு கிடந்தன. அந்தப் பலகைகளுக்கு அவ்வூர்ப் பாஷையில் ‘பலாத்தா’ என்று பெயர். தளவரிசைக் கல்லைக் குறிக்கும் ‘பலாத்’ என்ற அரபுச் சொல், அரபியர் போய் எத்தனையோ தலைமுறைகளுக்குப் பிறகும், மீன்காரர்களின் காலடியில் அப்படியே தங்கிவிட்டது.

அந்தக் கற்கள் இப்போது உலர்ந்துவிட்டன. பகல் பதினோரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்த நான், பழைய புத்தகங்களில் படித்திருந்த சந்தடியை எதிர்பார்த்துப் படியிறங்கினேன். இரண்டு மூன்று மீன்கடைகள், உல்லாசப் பிரயாணிகளுக்கென்று மசாலைப் பொட்டலங்களைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு கடை, இரவு வியாபாரத்துக்காகக் கவிழ்த்து அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆகிய இவற்றைத் தவிர அங்கே எனக்குக் காணக் கிடைத்தவை குறைவு. சிசிலியரின் பேச்சில் ‘வுச்சீரியா’ என்றாலே கூச்சல், குழப்பம், இரைச்சல் என்று அர்த்தம்; அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய இடம் ஊமையாகிக் கிடப்பதைப் பார்க்கும்போது, அது எப்படி உண்டாயிற்று, எதனால் இப்படி ஆயிற்று என்று அறிந்துகொள்ளும் ஆவல் யாருக்கும் உண்டாகும்.

முதலில் அந்தப் படிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரத்தின் நடுவே நேர்கோடாக ஓடும் ரோமா வீதியிலிருந்து வுச்சீரியாவுக்குப் போகிறவர்கள் பல படிகள் கீழே இறங்கித்தான் போகவேண்டும். வீதி போட்டவர்கள் உயர்த்தியது பாதி என்றால், பூமியின் இயற்கை அமைப்பு மற்றொரு பாதி. ஆதியில் பினீசியர் குடியேறியபோது, இரண்டு சிற்றாறுகளுக்கு இடையே கடலை நோக்கி நீண்டிருந்த ஒரு மேட்டின்மேல்தான் நகரம் இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் கடல் உட்புகுந்து துறைமுகமாக விரிந்து கிடந்தது. ‘முழுவதும் துறையானது’ என்று பொருள்படக் கிரேக்கர்கள் பனோர்மோஸ் என்று பெயரிட்டதற்கும், அது திரிந்து திரிந்து பலெர்மோ ஆனதற்கும் அந்த நீர்ப்பரப்பே காரணம். ஆறுகள் கொணர்ந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து துறையைத் தூர்த்துவிட, கடல் பின்வாங்கிய இடத்தில் ஜனங்கள் முன்னேறினார்கள். ஆகவே வுச்சீரியாவின் படிகளில் இறங்குகிறவன் ஒரு பழைய கடற்கரையில் இறங்குகிறான். மேலே கோட்டை, கீழே துறை, துறைக்கு அருகே சந்தை என்ற பழைய விதி, கடல் விலகிப்போன பிறகும் விலகவில்லை.

இந்தத் துறையில் வட ஆப்பிரிக்காவின் சரித்திரம் வந்து இறங்கியது ஒன்பதாம் நூற்றாண்டில். 827ஆம் ஆண்டில், இன்றைய துனீசியாவிலுள்ள கைரவானிலிருந்து ஆட்சிபுரிந்த அக்லபிய அமீர் ஒருவர், அசத் இப்னு அல் ஃபுராத் என்ற வயோதிகரான நியாயாதிபதியின் தலைமையில் ஒரு படையைச் சிசிலிக்கு அனுப்பினார். சட்ட சாஸ்திரத்தில் கரைகண்டவரை யுத்தத்துக்கு அனுப்பிய விந்தையை இன்று நினைத்தாலும் வியப்பாயிருக்கிறது. அந்தப் பெரியவர் அடுத்த ஆண்டே சைரக்யூஸ் முற்றுகையின்போது காலமானார். ஆனால் படை திரும்பவில்லை. 831இல் பலெர்மோ வீழ்ந்தது. அதுமுதல் ஏறக்குறைய இருநூற்று நாற்பது ஆண்டுகள் இந்நகரம் ஆப்பிரிக்கக் கரையின் நகரங்களோடு உடன்பிறந்ததுபோல வாழ்ந்தது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்லபியரை வென்று ஃபாத்திமியர் வந்தார்கள். புதிய எஜமானர்களைச் சிசிலி மக்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கலகத்தின்மேல் கலகம் கிளம்பியது. கலகத்தை அடக்க வந்த காலில் இப்னு இஸ்ஹாக் என்ற ஆளுநர், 937ஆம் ஆண்டில் கடலோரத்தில் ‘அல் காலிஸா’ என்ற மதில் சூழ்ந்த தனி நகரம் ஒன்றை எழுப்பினார். ஆள்கிறவன், அவன் குடும்பம், அவன் சேனை, அவன் கணக்கர்கள் இவர்கள் மட்டும் வசிப்பதற்கென்று, குடிமக்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்வதற்காகக் கட்டிய நகரம் அது. ஃபாத்திமியர்களுக்கு இது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது. துனீசியக் கரையில் 921இல் தலைநகராக்கிய மஹ்தியா இவ்வாறே மதிலுக்குள் அடங்கிய அரசர் நகரம். பிற்பாடு எகிப்தை ஜெயித்து 969இல் அவர்கள் அடிகோலிய கெய்ரோவும் தொடக்கத்தில் அத்தகையதே. அந்தக் கெய்ரோவுக்கு அஸ்திவாரம் போட்ட சேனாதிபதி ஜவ்ஹருக்கு ‘அஸ் ஸிகில்லி’, அதாவது சிசிலிக்காரர், என்பது அடைமொழி என்றால், இந்தச் சின்னத் தீவுக்கும் அந்தப் பெரிய நகரத்துக்கும் உள்ள சம்பந்தம் விளங்கும்.

காலிஸா எப்படி இருந்தது என்பதை நாம் அறிவது, 973ஆம் ஆண்டில் பலெர்மோவைச் சுற்றிப் பார்த்த இப்னு ஹவ்கல் என்ற யாத்திரிகரின் தயவினால். வியாபாரியாகவும் பூகோள ஆசிரியராகவும் தேசம் தேசமாகத் திரிந்த அந்த மனிதருக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கமும், எவரையும் எளிதில் பாராட்டாத நாவும் வாய்த்திருந்தன. காலிஸாவுக்குக் கல்மதிலும் நான்கு வாயில்களும் உண்டு. உள்ளே சுல்தானின் மாளிகை, இரண்டு ஸ்நான கட்டடங்கள், மசூதி, சிறைச்சாலை, கப்பல் கட்டும் தளம், கச்சேரிகள் எல்லாம் உண்டு. கடைத்தெருவும் சத்திரமும் கிடையா என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். மதிலுக்கு வெளியே இருந்த பேட்டைகளிலோ எங்கு திரும்பினாலும் கடைகள். இறைச்சிக் கடைகள் மாத்திரம் நூற்றைம்பதுக்குமேல் இருந்தன என்று அவர் கணக்கிட்டார். கசாப்புக்காரர்களுக்கென்றே ஒரு மசூதி இருந்தது. அதில் தொழுகை நேரத்தில் முப்பத்தாறு வரிசைகளுக்குமேல் நின்றதையும், வரிசைக்கு ஏறக்குறைய இருநூறு பேர் இருந்ததையும் எண்ணி, ஏழாயிரம் பேர் என்று முடிவு கட்டினார். நகரத்திலும் புறநகரிலுமாக முந்நூறு மசூதிகளைக் கண்டு, இது பக்தியன்று, ஜம்பம் என்றும் தீர்ப்பளித்தார். தகப்பனுக்கு ஒரு மசூதி, இருபது தப்படி தள்ளி மகனுக்கு ஒரு மசூதி என்று கட்டிக்கொண்டால் வேறென்ன சொல்லத் தோன்றும்? பலெர்மோக்காரர்கள் பச்சை வெங்காயத்தைக் காலையிலும் மாலையிலும் தின்று தின்று மூளை மழுங்கிப்போனார்கள் என்பதும் அவருடைய அபிப்பிராயம். பழைய சோற்றுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளும் நம் நாட்டார் சார்பில் இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

இந்த யாத்திரிகர் சொன்னவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது, மதில் இருந்த இடத்தில் சந்தை இல்லை, சந்தை இருந்த இடத்துக்கு அந்த மதில் இல்லை என்பதுதான். காலிஸாவின் மதில் இன்றைக்கு எங்கே என்று தேடினால், வெற்றி வாயில் என்று பெயர் பெற்ற பாப் அல் ஃபுதூஹின் சிதைவு ஒன்று, பிற்காலத்தில் அதன்மேல் எழுந்த ஒரு கிறிஸ்தவ வழிபாட்டு மண்டபத்துக்குள் ஒளிந்துகொண்டு கிடக்கிறது. 1072ஆம் ஆண்டு ஜனவரியில் நார்மானியர் அந்த வழியாகத்தான் உட்புகுந்தார்கள் என்பது பரம்பரைச் செய்தி. பெயர் மட்டும் ‘கல்சா’ என்று சுருங்கி, நகரத்தின் ஏழைகள் மிகுந்த பேட்டை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. வெளியே திறந்து கிடந்த சந்தைகளோ, அரபியர் போய், நார்மானியர் போய், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் எல்லோரும் வந்து வந்து போன பின்பும் நடந்துகொண்டே இருந்தன.

நார்மானிய அரசர்கள் தோற்றவர்களின் கலையை விரட்டாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தமது அரண்மனைக் கோயிலின் விதானத்தை, தேன்கூடுபோல அடுக்கடுக்காகத் தொங்கும் அரபு மரவேலையால் அலங்கரித்தார். ஆனால் அந்தச் சகவாசம் நிலைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக் சிசிலியில் எஞ்சிய முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூச்சேராவுக்குப் பெயர்த்தெடுத்துக் குடியேற்றினார். மனிதர்கள் போனார்கள், சொற்கள் தங்கின. மேட்டு நகரத்தின் கோட்டையைக் குறித்த ‘அல் கஸ்ர்’ என்பதே இன்றும் ஜனங்கள் முதன்மைத் தெருவைச் சுட்டும் ‘கஸ்ஸாரோ’. வாசனைத் திரவியக் கடைத்தெரு என்று பொருள்படும் ‘ஸூக் அல் அத்தாரீன்’ தேய்ந்து ‘லத்தரீனி’ ஆயிற்று. துனிஸ் நகரத்துப் பழைய மதிலுக்குள் அதே பெயரில் ஓர் அத்தர்க் கடைத்தெரு இன்றைக்கும் இருக்கிறது. திருவிழாக் கடையில் சின்னக் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து அத்தர் வாங்கிய தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

வுச்சீரியா என்ற பெயரோ அரபு அன்று. கசாப்புக் கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆன்ஜு வமிசத்துப் பிரெஞ்சுக்காரர்கள் சிசிலியை ஆண்டது பதினாறே ஆண்டுகள். 1282இல் மாலை வழிபாட்டு மணியோசையோடு கிளம்பிய பெருங்கலகத்தில் அவர்கள் விரட்டப்பட்டார்கள். இறைச்சி விற்ற இடத்துக்கு வாய்த்த பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. ஊரிலிருந்த மற்றக் கசாப்புக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்ட இதைப் ‘பெரிய புச்சேரியா’ என்றார்கள். பிறகு மீன் வந்தது, காய்கறி வந்தது, பெயரும் வாயில் உருண்டு வுச்சீரியா ஆனது.

துறைமுகம் பக்கத்திலே இருந்தபடியால் ஜெனோவா, பீசா, அமால்ஃபி, கட்டலோனியா முதலிய தேசாந்தர வர்த்தகர்கள் இங்கே தங்கள் தங்கள் கூடங்களையும் கோயில்களையும் அமைத்துக்கொண்டார்கள். அவர்களை அண்டிக் கைத்தொழிலாளர்கள் குடியேறினார்கள். அந்தத் தெருப் பெயர்களைக் கேட்டால், நமது சென்னைப் பட்டணத்தின் தங்கசாலையையும் பவளக்காரத் தெருவையும் கடந்து போகிறாற்போலவே தோன்றும்: வெள்ளி வேலைக்காரர் தெரு, சாவி செய்வோர் தெரு, மெத்தை தைப்போர் தெரு, பெட்டி செய்வோர் தெரு, மக்ரோனி பிழிவோர் தெரு, மெழுகினால் குழந்தை இயேசுவின் உருவம் சமைப்போர் தெரு. தெரு முனையில் முன்பு ‘கர்ராஃபோ’ என்ற நீரூற்று இருந்தது. மிகுந்த நீர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அவ்விடத்தில், கிரீடம் தரித்த தாடிக்காரக் கிழவர் ஒருவர் பாம்பொன்றைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சிலை. நகரத்தின் காவல் தேவதை என்று மதித்து, ‘பெரிய பலெர்மோ’ என்று ஜனங்கள் அதை அழைக்கிறார்கள். இந்த ஊர் தன் மக்களைத் தின்று அந்நியரை வளர்க்கிறது என்று அந்தப் பாம்பைக் காட்டி அவ்வூரார் குறைபட்டுக்கொள்வதும் உண்டு.

1783ஆம் ஆண்டில் ராஜப்பிரதிநிதியாயிருந்த தொமேனிகோ கராச்சோலோ, சந்தையின் நடுவிலிருந்த சதுக்கத்தைச் சீர்திருத்தி, சுற்றிலும் தூண் வரிசையோடு கூடிய தாழ்வாரமும் நடுவே நீரூற்றும் அமைத்தார். பாரிஸில் பகுத்தறிவாளர்களோடு பழகியவர். முந்தைய ஆண்டில்தான் சிசிலியில் சமய விசாரணை மன்றத்தை ஒழித்துவிட்டு வந்தவர். மனிதர்களை உயிரோடு எரித்த மன்றத்தை மூடிய கையோடு மீன்கடைக்கு நிழல் செய்து கொடுத்த நிர்வாகியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, தாழ்வாரம் இல்லை.

தாழ்வாரத்தைக் கொண்டுபோனது சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த மற்றொரு மனோபாவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், புகைவண்டி நிலையத்திலிருந்து நேரே வடக்கு நோக்கி ஓர் அகன்ற ராஜபாட்டை வேண்டும் என்று முடிவு செய்து, பழைய பேட்டைகளின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ரோமா வீதியைப் போட்டார்கள். வழியிலிருந்த வீடுகளும் கோயில்களும் தெருக்களும் போயின; வுச்சீரியா பள்ளத்தில் ஒதுங்கியது. அது நாசத்தின் தொடக்கந்தான். 1943ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, நேசநாட்டு விமானங்கள் பலெர்மோவின்மேல் பொழிந்த குண்டுகள் பழைய நகரத்தைச் சின்னாபின்னமாக்கின. ஜூலை 22இல் அமெரிக்கப் படை நகருக்குள் நுழைந்தபோது துறைமுகத்தை அடுத்த பகுதிகள் எல்லாம் கற்குவியல்களாகக் கிடந்தன.

யுத்தத்தில் இடிந்த நகரங்கள் ஐரோப்பாவில் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவற்றை மீண்டும் கட்டினார்கள். பலெர்மோவின் விசேஷம், இடிந்ததை அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தில் கட்டியதுதான். ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும், சால்வோ லீமா மேயராகவும் வீட்டோ சான்ச்சிமினோ நகர வேலைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில், எலுமிச்சை ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் பேர்போன புறநகர்ச் சமவெளியில் சிமிட்டிக் கோபுரங்கள் காளான்போல முளைத்தன. கட்டட அனுமதிகளில் மிகப் பெரும்பான்மை, கட்டடத் தொழிலோடு ஒட்டும் உறவும் இல்லாத சில பினாமிப் பேர்வழிகளின் பெயரில் வழங்கப்பட்டதைப் பிற்பாடு பாராளுமன்ற விசாரணைக் குழு வெளிப்படுத்திற்று. மாஃபியா என்ற ரகசியக் கும்பலுக்கும் நகர மன்றத்துக்கும் இருந்த இந்த உறவின் விளைவை இத்தாலியர்கள் ‘பலெர்மோவின் கொள்ளை’ என்று சொல்லுகிறார்கள். புது வீடுகளுக்கு ஆள் வேண்டாமா? பழைய நகரத்தில் சாக்கடையைச் செப்பனிடாமல், கூரையைத் திருத்தாமல் விட்டாலே போதும். ஜனங்கள் தாமாகவே மூட்டை கட்டினார்கள். 1968 ஜனவரியில் மேற்குச் சிசிலியை உலுக்கிய பூகம்பம் எஞ்சியவர்களில் பலரையும் கிளப்பிவிட்டது. 1951இல் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பேர் வசித்த புராதன நகரத்தில் 1981இல் நாற்பதினாயிரம் பேர்கூட இல்லை.

அந்தக் காலத்திலும் சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது என்பதற்கு ஒரு சித்திரம் சாட்சி. பலெர்மோவை அடுத்த பகேரியாவில் பிறந்த ரெனாத்தோ குத்தூஸோ என்ற ஓவியர், 1974இல், மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள திரையில் வுச்சீரியாவைத் தீட்டினார். வட இத்தாலியிலுள்ள தமது கூடத்தில் அமர்ந்து, வேண்டிய மீனையும் காய்கனியையும் தருவித்து எதிரே வைத்துக்கொண்டு வரைந்தார். ஒருபக்கம் தோலுரித்துத் தொங்கவிட்ட மாட்டு விலா, மறுபக்கம் வாளமீனின் தலை, முட்டைக் குவியல், தக்காளி, பாலாடைக் கட்டி. நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் சாமான் வாங்க வந்த மனிதர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பையோடு போகும் ஒரு வெள்ளாடைப் பெண்தான் அதன் மையம். அந்தப் படம் இன்று, ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றம் சிறைக்கூடமாக வைத்திருந்த ஸ்தேரி மாளிகையில், சர்வகலாசாலையின் உடைமையாக இருக்கிறது. வுச்சீரியாவைத் தேடி வந்து ஏமாந்தவர்களை ஊரார் அங்கே அனுப்பிவைக்கிறார்கள், நானும் போனேன். சந்தையில் இல்லாத சரக்கெல்லாம் சுவரில் இருந்தது.

பழைய நகரத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் உதிக்காமல் இல்லை. 1979 முதல் 1982வரை ஜூசெப்பே சமோனா, ஜான்கார்லோ தெ கார்லோ முதலிய கட்டடக்கலை நிபுணர்கள் ஒரு திட்டம் வகுத்தார்கள். அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. லியோலூகா ஒர்லாந்தோ மேயரான பிற்பாடு, பொலோஞ்ஞா நகரத்தைச் சீர்திருத்திப் புகழ்பெற்ற சேர்வெல்லாத்தியும், பெனவோலோ, இன்சொலேரா ஆகியோரும் சேர்ந்து தயாரித்த விவரமான திட்டம் 1993இல் அங்கீகாரம் பெற்றது. அதன் சித்தாந்தம் எளிது: பழைய நகரத்தில் புதுமையைப் புகுத்தாதே, எந்த வீடு எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று பழைய வரைபடங்களைக் கொண்டு நிச்சயித்து, அந்த ஜாதிக்குரிய முறையிலேயே செப்பனிடு, இடிந்துபோன இடத்திலும் முன்பிருந்த அளவிலேயே கட்டு. இதனால் பல நன்மைகள் விளைந்தன. கல்சாவில் கூரையே இல்லாமல் நிற்கும் ஸ்பாசிமோ கோயிலைக் குப்பையிலிருந்து மீட்டு, 1995இல் சங்கீதக் கச்சேரிகளுக்குத் திறந்தார்கள். 1974 முதல் பூட்டிக் கிடந்த மாஸ்ஸிமோ நாடக சாலை 1997இல் திறந்தது.

பிறகு 2015 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘அரபு நார்மானியப் பலெர்மோ’ இடம் பெற்றது. செஃபலூ, மொன்ரேயாலே கோயில்கள் உட்பட ஒன்பது கட்டடங்கள்: அரண்மனை, பேராலயம், கோயில்கள், ஒரு பாலம், 1971இல் ஒரு பக்கம் இடிந்து விழுந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பித்துத் திறக்கப்பட்ட ஸீஸா மாளிகை. எல்லாம் தகுதியுடையவை, ஒன்றையும் நீக்கச் சொல்லமாட்டேன். ஆனாலும் அரசர்களும் ஆயர்களும் கட்டியவை பட்டியலில் ஏற, அரபியர் காலத்திலிருந்து அறுபடாமல் வந்த கடைத்தெரு வாழ்க்கைக்கு அதில் இடமில்லாமல் போனது எனக்குக் குறையாகவே படுகிறது. சந்தையை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? அளந்து காட்ட அதற்கு நீளமுமில்லை, உயரமுமில்லை.

வுச்சீரியாவை இடித்தவர் யாருமில்லை. சுற்றிலும் குடியிருந்தவர்கள் போனார்கள், காலையில் பையோடு வரும் பெண்கள் குறைந்தார்கள், பேரங்காடிகள் தோன்றின, தகப்பனுடைய கடையை மகன் எடுத்து நடத்தவில்லை. நமது கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது அரசாங்க ஆணையினால். போன தேதி தெரியும். இங்கே தேதியே கிடையாது. கர்ராஃபெல்லோ சதுக்கத்தைச் சுற்றியிருந்த மாளிகைகள் ஆளில்லாமல் வெடித்து, அவ்வப்போது ஒரு சுவர் சரிந்து விழும். ஊவே யென்ட்ஷ் என்ற ஆஸ்திரிய ஓவியர் ஒருவர் அங்கேயே குடியேறி, அந்த இடிந்த முகப்புகளின்மேல் சித்திரம் எழுதி, குப்பைகளைக் கொண்டு சிற்பம் சமைத்து, பார்க்க மறுத்தவர்களைப் பார்க்க வைத்தார். பிறகு பணம் வந்தது. சில மாளிகைகள் புதுச் சுண்ணாம்பும் புது விலையும் பெற்றன. இப்போது வுச்சீரியா விழித்துக்கொள்வது இரவில்தான். வாலிபர்கள் மதுக்கிண்ணங்களோடு குழுமுகிறார்கள். தணலில் ஆட்டுக்குடலைச் சுற்றிச் சுட்ட புகை வானை மறைக்கிறது. சுவரொட்டி என்று நம்மவர் சொல்லும் மண்ணீரலை அரிந்து வதக்கி ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிய தகடாக அரிந்து எண்ணெயில் பொரித்த ‘பனெல்லே’யை நமது பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். பாட்டின் இரைச்சலால் தூக்கமிழந்து, விடாப்பிடியாகத் தங்கியிருந்த பழைய குடிகளில் சிலரும் கிளம்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மத்தியதரைக் கடலின் அக்கரையிலும் இதே சங்கடந்தான். அல்ஜியர்ஸின் பழைய நகரமாகிய கஸ்பா 1992 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருந்துகொண்டே வீடுகள் சரிகின்றன. துனிஸ் நகரத்தாரோ, யுனெஸ்கோ வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல், தங்கள் பழைய நகரமாகிய மதினாவைப் பாதுகாக்க ஒரு சங்கம் கண்டார்கள். நெரிசலும் தரித்திரமும் மிகுந்த பழைய நகரத்தை இடித்துத் தள்ளி அகன்ற வீதி போடலாம் என்று சிலர் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்தார் கட்டடங்களை அளந்ததோடு நில்லாமல், எந்த வீட்டில் எத்தனை குடும்பம் என்பதையும் ஆராய்ந்து, இடிந்த பகுதிகளில் குடியிருப்புகளைக் கட்டினார்கள். அத்தர்க் கடைத்தெருவில் இன்றும் அத்தர் விற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்றே நினைக்கிறேன். சென்னையில் பழைய கறுப்பர் பட்டணத்தின் மதிலில் துண்டு துணுக்குகளே மிஞ்சின. அந்த மதிலின் செலவுக்காக வரி என்று எழுந்த பேச்சு வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் உறைந்திருக்கிறது. ஆயினும் அதற்குள்ளிருந்த தெருக்களில் இன்னமும் வண்டி நகர இடமில்லை. ஜனங்கள் இருக்கிறார்கள், அதனால் வியாபாரம் இருக்கிறது.

பலெர்மோவிலும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் போனவர்களல்லர். எண்பதுகள் தொட்டு ஈழத்துத் தமிழர், வங்காளிகள், கானா நாட்டினர், துனீசியர் என்று பலரும் பழைய நகரத்தின் வாடகை மலிந்த வீடுகளில் குடிபுகுந்தார்கள். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவள் என்று சிசிலியர் வணங்கும் சாந்த ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரினோ மலைமேல், தமிழர்கள் கிறிஸ்தவர் இந்து என்ற வித்தியாசமில்லாமல் ஏறிப் போய் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். கடைக்காரர்களிடம் மாஃபியாவினர் தலைமுறை தலைமுறையாக வசூலித்துவந்த கப்பத்தை, வுச்சீரியாவுக்கு அருகிலுள்ள மக்வேதா வீதியின் வங்காளி வியாபாரிகள் பலர் 2016இல் ஒன்றுசேர்ந்து போலீஸாரிடம் சொல்ல, பத்துப் பேர் கைதானார்கள். உள்ளூர்க்காரர் பலர் அஞ்சிய காரியம் அது. கர்ராஃபோவின் கிழவரும் பாம்பும் நினைவுக்கு வந்தார்கள்.

வுச்சீரியாவிலிருந்து மறுநாள் காலை நான் பல்லரோவுக்கு நடந்தேன். பத்து நிமிஷ நடை. அதுவும் அரபியர் காலத்தோடு தொடர்புடைய சந்தை. பெயரும் அரபு என்றே கருதுகிறார்கள். சிவப்புத் துணிப் பந்தலுக்குக் கீழே பகலிலும் விளக்கெரிய, ஒருவர் கூவுவதை மற்றொருவர் அமுக்கிக் கூவ, கத்தரிக்காயும் ஒலிவமும் மத்திமீனும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. எனக்கு முன்னே யாழ்ப்பாணத்துப் பெண்மணிகள் இருவர் ஆளுக்கொரு பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். மீன்காரர் தம் பலகையைச் சுரண்டிக் கழுவிவிட்டு வாளியைத் தூக்கினார்.

“தண்ணி ஊத்தப் போறான், இஞ்சால தள்ளி நில்லுங்கோ அக்கா,” என்றாள் இளையவள்.

அக்கா சேலையைக் கணுக்காலுக்குமேல் ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகராமல், மீனின் செவுளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.